கிளாஸ் கமிட்டி மீட்டிங்கில் உண்மையைப் பேசினால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களா?

ஐந்தில்_ஒருத்தி:

வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். ஆறாவது செமஸ்டர். கல்லூரிப் பெயர் வேண்டாம். வகுப்பில் 64 பேர், பெண்கள் ஐந்தே பேர். ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து வகுப்பு, லேப் குறைகளைப் பேசுவதுதான் கிளாஸ் கமிட்டி. அதற்கு இரண்டு பையன், இரண்டு பெண் என்று எடுப்பதால் ஐந்தில் இருவர் எப்படியும் மாட்டியாக வேண்டும். இந்த வருடம் நான் மாட்டிக்கொண்டேன்.

போன செமஸ்டர் மீட்டிங் கடைசி பீரியடில் நடந்தது. நாங்கள் நாலு பேரும் உள்ளே போகும்போதே மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் பேசியதன் குறிப்பு, பிரிண்ட் எடுத்து மேஜை மேல் இருந்தது. சிலபஸ் ஒழுங்காகப் போகிறது, லேப் வசதி திருப்தியாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னதாக அதில் இருந்தது. நாங்கள் அதுவரை வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள், வந்துவிட்டோம். பதினோரு நிமிடம் ஆனது. நான் மணி பார்த்தேன்.

இந்த முறை அப்படிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. காரணம் ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்.

காம்போசிட் வால் என்று ஒரு கருவி. நடுவில் ஹீட்டர், அதன் இரண்டு பக்கமும் இரும்பு, பேக்கலைட், மரப்பலகை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். ஹீட்டரிலும் ஒவ்வொரு அடுக்கிலும் பக்கத்துக்கு ஒன்றாக வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், மொத்தம் எட்டு. சுவிட்சைத் திருப்பித் திருப்பி வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். இதில் ஐந்தும் ஆறும் பேக்கலைட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் எதிரெதிரே இருப்பவை. கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். எங்கள் கருவியில் ஆறு 44 டிகிரி காட்டுகிறது. ஐந்து எப்போது திருப்பினாலும் 31. ஹீட்டரே போடாவிட்டாலும் 31. அதை வைத்து சராசரி எடுத்துக் கணக்குப் போட்டால் மரப்பலகையின் வெப்பக் கடத்துதிறன் மைனஸில் வருகிறது. அதாவது குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு வெப்பம் தானாகப் போகிறது. நோபல் பரிசே வாங்கலாம்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், சீனியர் ரெக்கார்டில் உள்ள ரீடிங்கை எழுதிக்கொள்கிறோம். அவர்கள் அவர்களுடைய சீனியரிடமிருந்து எழுதியது அது. எத்தனை தலைமுறைக்கு முந்தைய வெப்பம் என்று யாருக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு மூன்று குறை இருக்கிறது. வெப்பக் கணக்குக்கு அட்டவணை பார்க்கும் எச்எம்டி டேட்டா புக் நூலகத்தில் ஆறுதான் உண்டு, அதிலும் இரண்டில் பென்சில் கிறுக்கல், பரீட்சை ஹாலில் விடமாட்டார்கள். ஒரு பேப்பருக்கு சார் பிபிடி ஸ்லைடை அப்படியே படிக்கிறார். எங்களிடம் வாங்குகிற ஃபீட்பேக் ஃபார்மை கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு 'எல்லாம் அஞ்சு போடுங்கப்பா, சீக்கிரம் முடிங்க' என்கிறார்கள்.

அடுத்த செமஸ்டர், படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற என்பிஏ குழு வரப்போகிறதாம். கேட்டால் லேப் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லி இப்போதே பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். அவரிடம் சொன்னேன். 'வெல்டிங் சரியில்லைன்னா பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தியே சொல்லணும், அப்புறம் சொன்னா சண்டைதான் வரும்' என்றார். சரி, ஆனால் அவருக்கு இன்டர்னல் மார்க் கிடையாதே. எனக்கு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அரியர்_மன்னன்:

தங்கச்சி, 2017 ரெகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகத்தின் அந்த வருட விதிகளில், படித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் காலத்தில் தியரிக்கு நூற்றில் கல்லூரியே போடுகிற இன்டர்னல் 20, யுனிவர்சிட்டி பரீட்சை 80. அப்போதே நாங்கள் வாயைத் திறந்ததில்லை. உங்கள் 2021 ரெகுலேஷனில் இன்டர்னல் 40. லேபுக்கு 60. நீ யாருடைய லேபைப் பற்றிப் பேசப்போகிறாயோ அவர் கையில்தான் அந்த 60 இருக்கிறது. சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு வா.

சாக்பீஸ்_தூசி:

மேலே தம்பி சொன்ன கணக்கு சரி. அந்தப் பயம் வீண் பயம் என்று நானும் சொல்லமாட்டேன். வேறொரு கல்லூரியில் 19 வருடமாக இருக்கிறேன், ஏழெட்டு வருடம் கிளாஸ் கமிட்டி சேர்பெர்சனாகவும் இருந்திருக்கிறேன். மினிட்ஸை முன்கூட்டியே டைப் அடித்த பாவம் எனக்கும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளம்மா.

முதலில் ரெகுலேஷனைத் திறந்து 'கிளாஸ் கமிட்டி' என்ற பகுதியைப் படி. ஒன்றரைப் பக்கம்தான். வருடா வருடம் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்புப் பிரதிநிதி ஆகிறார்கள், அதைப் படித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆசிரியர்களிலும் பாதிப் பேர் படித்ததில்லை. அதில் இருப்பவை: உங்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர்தான் சேர்பெர்சன். செமஸ்டர் தொடங்கி ஒரு வாரத்துக்குள் முதல் மீட்டிங். அப்புறம் இரண்டோ மூன்றோ. வகுப்பிலும் லேபிலும் மாணவர்களுக்கு உள்ள சிக்கலைத் தீர்ப்பது கமிட்டியின் வேலை என்று எழுத்திலேயே இருக்கிறது. மினிட்ஸ் இரண்டு நாளுக்குள் முதல்வருக்குப் போக வேண்டும். மாணவர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். நிர்வாகம் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் முதல்வர் அதை நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டும். ஆக, மினிட்ஸ் நகல் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது, உனக்கு வர வேண்டியதைக் கேட்கிறாய்.

அதே பகுதியில் இன்னொரு சொல் வரும், 'குவாலிட்டி சர்க்கிள்'. கிளாஸ் கமிட்டி என்பது தொழிற்சாலைகளில் உள்ள குவாலிட்டி சர்க்கிள் மாதிரி என்று எழுதியிருப்பார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் வாத்தியார் ஆவதற்கு முன் நாலு வருடம் திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தேன், அங்கே குவாலிட்டி சர்க்கிளில் உட்கார்ந்திருக்கிறேன். ஜப்பானில் 1962 வாக்கில் ஆரம்பித்த பழக்கம் அது. வெல்டர், ஃபிட்டர், கிரேன் ஓட்டுபவர் என்று ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடுவோம். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: தங்கள் கைக்கு எட்டுகிற பிரச்சினையைத்தான் எடுக்க வேண்டும், எண்ணோடு பேச வேண்டும். 'எலக்ட்ரோடு சரியில்லை', அதாவது வெல்டிங் ராடு சரியில்லை, என்றால் ஃபோர்மேன் காதிலேயே வாங்கமாட்டார். 'செவ்வாய்க்கிழமை திறந்த பாக்கெட்டில் இருபதுக்கு ஏழு ஈரம், ஓவன் கதவு மூடவில்லை' என்றால் அன்றைக்கே ஓவன் கதவுக்கு ஆள் வரும்.

உன் பதிவில் அப்படி ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாம் நம்பர் தெர்மோகப்பிள், 31 டிகிரி. இதைவிடச் சுத்தமான புகாரை நான் கேட்டதில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாரும் மறுக்கவும் முடியாது, போய் சுவிட்சைத் திருப்பினால் தெரிந்துவிடும். இதை எழுதி எடுத்துக்கொண்டு போ. ஆனால் மீட்டிங்குக்கு முந்தின நாளே லேப் இன்சார்ஜிடம் தனியாகச் சொல்லிவிடு. மீட்டிங்கில், துறைத் தலைவர் (ஹெச்ஓடி) முன்னால் முதல்முறையாகக் கேட்டால் எந்த மனுஷனுக்கும் முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கியிருக்கிறது.

பிபிடி படிக்கிற சார் விஷயத்தை மீட்டிங்கில் எடுக்காதே. சொன்னால் தப்பு என்பதற்காக இல்லை. நாலு பேர் இருக்கும் அறையில் எடுத்தால் பேச்சு அந்த ஆளைப் பற்றியதாக மாறிவிடும், தெர்மோகப்பிள் காணாமல் போய்விடும். அதே விஷயத்தை 'மூன்றாம் யூனிட்டில் இன்னும் ஆறேழு பார்ட் பி கணக்கை வகுப்பிலேயே போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

என்பிஏ பற்றி ஒன்று. துறைக்கு இரண்டு மதிப்பீட்டாளர் வருவார்கள், ஆசிரியர் இல்லாமல் மாணவர்களிடம் பேசுவார்கள். அவர்களும் எங்கேயோ வாத்தியார்கள்தான். எல்லாக் கட்டத்திலும் அஞ்சு போட்ட ஃபீட்பேக் கட்டை அவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டும் மூன்றும் போட்ட ஃபார்ம், அதற்கு என்ன செய்தோம் என்ற ஒரு பக்கம், அடுத்த வருடம் அது நாலானது, இப்படி இருந்தால் உட்கார்ந்து படிப்பார்கள். இதை எங்கள் ஹெச்ஓடிக்குப் புரியவைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. உங்கள் மாதிரி இணைப்புக் கல்லூரியில் சிலபஸை மாற்ற முடியாது, அது பல்கலைக்கழகம் போடுவது. ஆனால் சிலபஸில் எங்கே இடைவெளி இருக்கிறது, அதை எதை வைத்து நிரப்பினோம் என்று என்பிஏவுக்கு எழுதித்தர வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப நாங்கள் கடைசி நேரத்தில் தவிப்போம். மாணவர்களே வந்து 'இது இல்லை, இதற்கு இரண்டு நாள் வகுப்பு வையுங்கள்' என்றால் எங்களுக்கு நிம்மதி.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் அனுப்புகிற மாணவர் திருப்தி சர்வே மின்னஞ்சலில் நேராக உங்களுக்கே வரும். இருபது கேள்விக்குப் பிறகு கடைசியில் மூன்று யோசனை எழுதச் சொல்லி இடம் விட்டிருப்பார்கள். அதில் புள்ளி வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இன்டர்னலைப் பற்றி நான் உறுதிமொழி தர முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், நாலு பேரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒருத்தியைக் குறிவைப்பது சுலபம்.

வடக்கே_ஒருத்தி:

தங்கச்சி, நான் கோயம்புத்தூரில் பிஇ முடித்துவிட்டு ஸ்வீடனில் மாஸ்டர்ஸ் படித்தவள். உன் பதிவைப் படித்ததும் எங்கள் கம்ப்யூட்டர் லேபும் 'எல்லாம் அஞ்சு'வும் கண் முன்னால் வந்துவிட்டது.

இங்கே ஒவ்வொரு கோர்ஸ் முடிந்ததும் மாணவர்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. கேட்டால் மட்டும் போதாது, முடிவையும் அதனால் எடுத்த நடவடிக்கையையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் முதல் கோர்ஸின் முதல் வகுப்பில் பேராசிரியர் பாடத்தை ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்லைடு போட்டார். போன வருட மாணவர்கள் அசைன்மென்ட் மூன்று ரொம்ப நீளம் என்றார்கள், குறைத்துவிட்டேன். லேப் கையேடு குழப்பம் என்றார்கள், மாற்றி எழுதினேன். பரீட்சையை எளிதாக்கச் சொன்னார்கள், மாட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. நாலு வருடம் நான் நிரப்பிய ஃபார்ம்களில் ஒன்றுக்காவது யாராவது 'மாட்டேன்' என்றாவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. எண்பது பேர் வகுப்பில் 19 பேர்தான் நிரப்பினோம். இங்கே அதுதான் தலைவலி. நம் ஊரில் கட்டாயப்படுத்தி வாங்குகிறார்கள், அறுபத்து நாலு பேரும் பொய் சொல்கிறோம். இங்கே கட்டாயமில்லை, முக்கால்வாசிப் பேர் வாயே திறப்பதில்லை.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இங்கே எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் பேருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்தான் எழுதுவோம். திருத்துகிறவருக்கு யார் தாள் என்று தெரியாது. அதனால் மீட்டிங்கில் நேருக்கு நேர் பேச எனக்குத் துணிச்சல் வந்தது. நான் மாறவில்லை, மார்க் போடுகிற முறைதான் வேறு. அதனால் நீ பயப்படுகிறாய் என்று யாராவது கேலி செய்தால் காதில் வாங்காதே.

அரியர்_மன்னன்:

சார் எழுதியதைப் படித்தேன். நாங்கள் இறுதி ஆண்டில் இருந்தபோது யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். சமோசா பற்றிய கருத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கொடுத்தால் சாப்பிடு.

ஐந்தில்_ஒருத்தி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மீட்டிங் முடிந்தது. முதலில், சாக்பீஸ் சாருக்கு நன்றி.

ரெகுலேஷனைப் படித்தேன். சார் சொன்ன மாதிரி அந்தப் பகுதியில் 'குவாலிட்டி சர்க்கிள்' இருந்தது. மற்ற மூன்று பேரிடமும் காட்டினேன். அதில் ஒரு பையன் 'இதெல்லாம் நிஜமாவே எழுதியிருக்காங்களா' என்று இரண்டு முறை கேட்டான்.

முந்தின நாள் மாலை லேப் இன்சார்ஜ் மேடத்திடம் போனேன். எட்டு தெர்மோகப்பிளின் ரீடிங்கையும் மூன்று தேதிகளில் எழுதிய தாளைக் கொடுத்தேன். ஐந்தாம் வரிசையில் 31, 31, 31. மேடம் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'இத்தனை நாளா ஏன் சொல்லல?' என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அப்புறம் அவரே, ஜூன் மாதத்திலிருந்து சர்வீஸுக்கு எழுதிக்கொடுத்துக் கொட்டேஷன் எங்கேயோ நிற்கிறது என்றார். அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் ஒரு தெர்மோகப்பிளில் கோளாறு என்று எழுதவில்லை, 'கருவி பழுது' என்று மொத்தமாக எழுதியிருக்கிறார். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். 'மேடம், ஒரு தெர்மோகப்பிள் மட்டும்னா பழைய செட்டுல இருக்கு, நானே மாத்திடுவேன்' என்றார். அவ்வளவுதான். எட்டு மாதத்து விஷயம் இரண்டு நாளில் தீர்ந்தது.

இன்னொன்று நான் முதல் பதிவில் எழுதவே இல்லை, ரீடிங் எடுக்கும்போதுதான் உறைத்தது. ஹீட்டர் போட்டு வெப்பநிலை நிலையாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் லேபுக்கு உள்ளே வந்து, அட்டண்டன்ஸ் எடுத்து, சுவிட்ச் போடும்போது ஒன்பதே கால். அது நிலைக்கு வருவதற்குள் அடுத்த குழு வந்து நிற்கும். தெர்மோகப்பிள் நன்றாக இருந்திருந்தாலும் யாரும் காத்திருந்திருக்க மாட்டோம், சீனியர் ரெக்கார்டைத்தான் பிரித்திருப்போம். மீட்டிங்கில் இதைச் சொன்னேன். லேப் உள்ள நாட்களில் அசிஸ்டென்ட் அண்ணன் எட்டு மணிக்கே ஹீட்டரைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். செலவே இல்லை. சேர்பெர்சன் சார் பேனாவை மூடிவிட்டு 'இது யாருக்கும் தோணலையே' என்றார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. டேட்டா புக்குக்கு அடுத்த வருட பட்ஜெட் என்று சொல்லிவிட்டார்கள். எங்களில் ஒருவன் பிபிடி சார் பெயரைச் சொல்லியேவிட்டான். எவ்வளவோ சொல்லிவைத்தும். அறை அப்படியே உறைந்துபோனது, அடுத்த ஐந்து நிமிடம் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த சார் இப்போது என்னிடமும் பேசுவதில்லை. முதல் இன்டர்னலில் எனக்கு அவர் பேப்பரில் எதிர்பார்த்ததைவிட நாலு மார்க் குறைவு. அதுதான் காரணமா, நான் எழுதியது அவ்வளவுதானா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அக்கா சொன்ன குறியீட்டு எண் அன்றைக்கு முழுக்க ஞாபகத்தில் இருந்தது.

மினிட்ஸ் இந்த முறையும் முன்கூட்டியே டைப் ஆகித்தான் இருந்தது. நகல் கிடைக்குமா என்று கேட்டேன். சேர்பெர்சன் சார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, டைப் அடித்த கடைசி வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு வரி எழுதினார்: தெர்மோகப்பிள் ஒன்று, ஹீட்டர் எட்டு மணி ஒன்று. பக்கத்தில் இன்சார்ஜ் பெயர், தேதி. அதை போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டேன். 64 பேரில் 51 பேர் பார்த்தார்கள், ஒருத்தன் 'சமோசா உண்டா' என்று கேட்டான். உண்டு.

போன வியாழக்கிழமை எங்கள் பேட்ச் நிஜமாகவே ரீடிங் எடுத்தது. மரப்பலகையின் கடத்துதிறன் பிளஸில் வந்தது. ஆனால் டேட்டா புக்கில் உள்ளதைவிடக் குறைவு, பாதிக்குச் சற்று மேலே. மேடம் கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுக்குகளுக்கு நடுவே காற்று இடைவெளி இருக்கும், மேலே உள்ள ஸ்க்ரூவை யாரும் வருடக்கணக்கில் இறுக்கியிருக்க மாட்டார்கள் என்றார். கை வைத்துப் பார்த்தேன், துரு ஏறி அசையவே இல்லை. அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து துரு எண்ணெய் கொண்டுவருகிறேன் என்றார்.

சாக்பீஸ்_தூசி:

எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடு. கருவியின் கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஊற்று. இறுக்கிய பிறகு வந்த ரீடிங்கை இங்கே போடம்மா, எங்கள் லேபிலும் அதே கருவி இருக்கிறது, நாளைக்கே போய் ஸ்க்ரூவைப் பார்க்கிறேன்.